கொற்கை: குறைந்த செலவில் ஒரு தலைநகர்ப் பயணம்

தென்னமெரிக்காவில் சில காலம் பணியாற்றிவிட்டு வந்த நண்பர் ஒருவர், பெரு நாட்டின் தலைநகரான லிமாவைக் குறைந்த செலவில் சுற்றிப் பார்த்த அனுபவத்தை எனக்கு நீண்ட மடலாக எழுதியிருந்தார். எந்தத் தெருவில் மலிவான உணவு கிடைக்கும், எந்தப் பேருந்தில் ஏறினால் கடற்கரைக்குப் போகலாம் என்பனவெல்லாம் அதில் இருந்தன. ஆனால் அவர் மனத்தில் நின்றது வேறொன்று. அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே, வெயிலில் உலர்த்திய மண்கற்களால் கட்டிய பழைய கோயில் மேடு ஒன்று எழுந்து நிற்கிறதாம். உவாக்கா புக்யானா என்று பெயர். ஸ்பானியர்கள் 1535இல் லிமாவை நிறுவுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கு வாழ்ந்த மக்கள் எழுப்பியது. "நகரம் அதைச் சுற்றி வளர்ந்துவிட்டது, ஆனால் அதை விழுங்கவில்லை. நீங்களும் ஒருமுறை வரவேண்டும்" என்று மடலை முடித்திருந்தார்.

கல்லூரி விரிவுரையாளரின் வருவாயில் பெரு நாடு பெருங்கனவு. மடலைப் படித்து முடித்தபோது எனக்கு வேறொரு எண்ணம் தோன்றிச் சற்றே நாணமும் உண்டாயிற்று. எத்தனையோ ஆண்டுகளாக வகுப்பில் ஒரு தலைநகரைப் பற்றிப் பேசி வருகிறேன். அதன் முத்து, அதன் துறை, அதன் வேந்தன் என்று கரும்பலகை நிறைய எழுதியிருக்கிறேன். அது நான் வாழும் திருநெல்வேலியிலிருந்து அரைநாள் தொலைவுகூட இல்லை. ஆயினும் ஒருமுறையேனும் சென்று பார்த்ததில்லை. அந்தத் தலைநகர் கொற்கை.

அங்கு என்னைப் போக வைத்தது அந்த மடல் மட்டுமன்று. சங்க இலக்கிய வகுப்பில், தலைவியின் பற்களுக்குக் கொற்கை முத்தை உவமையாகச் சொல்லும் பாடல்களை விளக்கிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் இருந்த மாணவி எழுந்து, "மேடம், அந்த முத்தை எடுத்தவங்க பேரு எந்தப் பாட்டுலயாவது இருக்கா?" என்று கேட்டாள். அவள் கடற்கரைச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த பரதவர் வீட்டுப் பெண். அவளுடைய தாத்தாவின் தந்தை முத்துக்குளித்தவராம். "பாட்டில் பெயர் வராது, திணை ஒழுக்கம்தான் வரும்" என்று அகத்திணை மரபைச் சொல்லி அவளை அமரச் செய்துவிட்டேன். விடை இலக்கணப்படி சரி. ஆனால் அவள் கேட்டது இலக்கணம் அன்று என்பது வீடு திரும்பிய பிறகுதான் உறைத்தது.

சென்ற தை மாதத்து விடுமுறை நாள் ஒன்றில் அவளையும் அழைத்துக்கொண்டு கொற்கைக்குப் புறப்பட்டேன்.

*

செலவுக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலிச் சந்திப்பிலிருந்து திருச்செந்தூர் செல்லும் பயணிகள் ரயிலில் ஸ்ரீவைகுண்டம் வரை சாதாரண வகுப்புப் பயணம். ரயில் நிலையம் தாமிரபரணியின் தென்கரையில்; ஊர் வடகரையில். ஆற்றைக் கடந்து ஏரலுக்குப் பேருந்து. ஏரலிலிருந்து இன்னொரு பேருந்து, பிறகு கொஞ்சம் நடை. தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் இல்லை என்பதால் செலவு இன்னும் குறைந்தது. மதியத்துக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டோம். இருவருக்கும் போக வர, தேநீர் உட்பட, 100 ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. பாண்டியரின் பழைய தலைநகரைப் பார்க்க இதைவிடக் குறைந்த செலவில் வழியிருப்பதாகத் தெரியவில்லை.

'தலைநகர்' என்ற சொல்லை இங்கே சற்று நிதானமாகவே பயன்படுத்த வேண்டும். சங்கப் பாடல்களில் பாண்டியனின் பெருநகராக மதுரையே நிற்கிறது. கொற்கை அவனுடைய பெருந்துறை. ஆனால் அவனைக் குறிக்கும்போது 'கொற்கைக் கோமான்' என்று அத்துறையின் பெயரையே புலவர்கள் முன்வைக்கின்றனர். மதுரையில் பாண்டியன் நெடுஞ்செழியன் இறந்தபோது கொற்கையில் வெற்றிவேற் செழியன் இருந்ததாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது. இதைக் கொண்டு கொற்கையைப் பாண்டிய இளவரசர்களின் இருப்பிடம் என்பாரும், இரண்டாம் தலைநகர் என்பாரும் உண்டு. மதுரைக்கு முன்னர்ப் பாண்டியரின் முதல் தலைநகரே கொற்கைதான் என்பது பிஷப் கால்டுவெல்லின் முடிவு. சேரன், சோழன், பாண்டியன் என்ற மூன்று உடன்பிறந்தாரும் கொற்கையில் ஒன்றாக வாழ்ந்து ஆண்டனர். பின்னர் மற்ற இருவரும் பிரிந்து செல்லப் பாண்டியன் மட்டும் இங்கே தங்கினான் என்ற வழக்கையும் அவர் பதிவு செய்திருக்கிறார். தாமிரபரணிக் கரையிலுள்ள முக்காணி என்ற ஊரின் பெயரை இந்த மூவரின் காணியோடு சேர்த்துச் சொல்லும் வழக்கமும் இருக்கிறது. மரபுக்கதை வரலாறாகாது. எனினும் மூவேந்தர் பிறந்த வீடு எது என்று கேட்டால் தமிழ் நினைவு காட்டிய இடம் இதுவே.

*

கொற்கையில் இறங்கியதும் கண்ணில் பட்டவை வாழைத்தோட்டங்களும் வயல்களும்தாம். கோட்டை இல்லை, மதில் இல்லை, தூண் இல்லை. கடலும் இல்லை. ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே விலகிப் போய்விட்டது. "துறைமுகம் எங்க மேடம்?" என்று மாணவி கேட்டாள். "நாம் நிற்கிற இடமாகவே இருக்கலாம்" என்றேன்.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. மேற்கு மலையிலிருந்து இறங்கி வரும் தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டல் ஆண்டுதோறும் கரையைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போயிற்று. கழிமுகத்தில் இருந்த துறைமுகம் மெல்ல மெல்ல உள்நாட்டு ஊராயிற்று. பகைவர் எவரும் கொற்கையைக் கொளுத்தியதாகக் கதை இல்லை. அதை வளர்த்த ஆறே அதைக் கடலிடமிருந்து பிரித்தது. கடலை நம்பி வாழ்ந்தவர்கள் கடலைத் தொடர்ந்து கிழக்கே போனார்கள். கொற்கைக்குப் பின் காயல், காயலுக்குப் பின் புன்னைக்காயல், அதன்பின் தூத்துக்குடி என்று துறை இடம் மாறிக்கொண்டே வந்தது. 1974இல் தூத்துக்குடியில் திறக்கப்பட்ட புதிய துறைமுகம் வரை அது ஒரே தொடர்ச்சி. ஜோ டி குரூஸ் தூத்துக்குடி வாழ்வைச் சொல்லும் தம் நாவலுக்குக் 'கொற்கை' என்று பெயரிட்டது வெறும் அழகுக்காக அன்று. அந்தப் பெயர் இடம் மாறிய மக்களோடு போனதுதான்.

குளக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி எங்களைப் பார்த்து, "எங்க இருந்து வாரிய? என்னத்தப் பாக்க வந்திய?" என்று கேட்டார். பழைய கொற்கையைப் பார்க்க வந்தோம் என்றதும் சிரித்தார். "பழசு பூராவும் மண்ணுக்குள்ளல்லா கெடக்கு தாயி. மேல என்ன இருக்கு?" என்றார். பிறகு தாமாகவே 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அந்த மாதம் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியதும், ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் ஒன்று பயணிகளோடு வெள்ளத்தில் சிக்கி நின்றதும், ஏரல் சுற்றுவட்டாரம் தனித்தீவுகளானதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். "ஆறு பழைய பாதையத் தேடி வந்துட்டு. எங்களத் தேடியா வந்துது?" என்றார். இருபது ஆண்டுப் பாடக்குறிப்பில் நான் ஒற்றை வரியில் எழுதி வைத்திருந்த 'வண்டல் படிவு' என்ற காரணம், அவருக்கு இடுப்பளவு நீரில் ஆடுகளை மேட்டுக்கு ஓட்டிப்போன ஓர் இரவு.

*

மூதாட்டி சொன்னது உண்மை. கொற்கை மண்ணுக்குள்தான் இருக்கிறது. அதை முதலில் தோண்டிப் பார்த்தவர்களுள் ஒருவர் கால்டுவெல். இடையன்குடியில் இருந்துகொண்டு திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர் என்ற அளவிலேயே நம்மில் பலர் அவரை அறிவோம். அவர் கொற்கையிலும் பழையகாயலிலும் தோண்டிப் பார்த்துத் தம் முடிவுகளை 1877இல் வெளியிட்டார். கடலிலிருந்து அத்தனை தொலைவில் மண்ணுக்கடியில் கடற்சிப்பிகள் கிடைப்பதைக் கண்டு, கடல் ஒருகாலத்தில் இங்கிருந்தது என்று காட்டினார். கிரேக்கர் எழுதிய 'கொல்கோய்' என்பது இக்கொற்கையே என்றும், மார்க்கோ போலோவின் 'காயில்' என்பது பழையகாயலே என்றும் நிலைநாட்டினார்.

அதன்பின் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 1968–69இல் முறையாக அகழ்ந்தது. செங்கற் கட்டுமானம், சங்குகள், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள் ஆகியவை கிடைத்தன. அங்கு எடுத்த கரித்துண்டு ஒன்றைக் கதிரியக்கக் கரிம முறையில் ஆய்ந்தபோது ஏறத்தாழ கி.மு. 785 என்ற காலக் கணக்கு வந்தது. ஒரு கரித்துண்டைக் கொண்டு நகரம் முழுவதற்கும் வயது கூறிவிட முடியாது. ஆனாலும் அடுப்பெரித்து மக்கள் வாழ்ந்த இடம் அது என்பதற்கு அந்தக் கரியே சாட்சி. 2021இல் மீண்டும் அகழாய்வு நடந்தது. அவ்வாண்டு செப்டம்பரில், சிவகளைத் தாழியொன்றில் கிடைத்த நெல்லுமியின் காலம் கி.மு. 1155 எனத் தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தபோது, பொருநையாற்றங்கரை வாழ்வின் தொன்மை நாடெங்கும் பேசப்பட்டது.

இப்போது அங்கு சென்றால் அகழாய்வுக் குழிகளைத் தேடாதீர்கள். ஆய்வு முடிந்ததும் குழிகளை மூடிவிடுவது வழக்கம். கண்ணுக்குத் தெரிவன மூன்றுதாம். இரண்டாயிரம் ஆண்டு பழமை என்று ஊரார் போற்றும் முதிய வன்னிமரம் ஒன்று. குளத்தில் உள்ள வெற்றிவேல் செழிய நங்கை கோயில் மற்றொன்று. அந்நங்கையைக் கண்ணகி என்பர். மூன்றாவது, அருகிலுள்ள அக்கசாலை என்னும் சிற்றூரின் ஈசுவரமுடையார் கோயில்.

பின்னிரண்டையும் ஒரே நாளில் பார்த்தபோது என் மனம் கலங்கிற்று. அக்கசாலை என்றால் பொன்வேலை நடக்கும் இடம், நாணயம் அடிக்கும் இடம். பொற்கொல்லர்களின் ஊர். சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரையோ, மதுரை எரிந்தபின் பாண்டிநாடு மழையின்றி வறுமையுற்றது, வெப்பு நோய் பரவியது, அதற்குச் சாந்தியாகக் கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் நங்கைக்கு ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டு விழா எடுத்தான், மழை பெய்தது என்கிறது. நடந்ததா இல்லையா என்று யாரும் இன்று உறுதி கூற முடியாது. ஆனால் இத்தனை ஆண்டுகளாக அந்தப் பகுதியைக் கண்ணகியின் தெய்வமாதலுக்குச் சான்று என்று மட்டுமே நடத்தி வந்திருக்கிறேன். பொய்யுரைத்தவன் மதுரையில் ஒரு பொற்கொல்லன். பலியானவர் ஆயிரவர். அந்த ஆயிரவர் எந்தத் தெருவில் வாழ்ந்தார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. செழிய நங்கையின் கோயிலிலிருந்து அக்கசாலைக்கு நடந்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது.

*

முத்துக்கு வருவோம். மாணவியின் கேள்வி அதைப் பற்றியதுதானே.

கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரியக் கடற் பயணம்' கொற்கையைப் பாண்டிய நாட்டைச் சேர்ந்த முத்துக்குளிக்கும் துறை என்று குறிக்கிறது. அதனோடு ஒரு செய்தியையும் சேர்க்கிறது: அங்கே முத்துக்குளிப்போர் தண்டனை பெற்ற குற்றவாளிகள். அடுத்த நூற்றாண்டின் தாலமி இக்கடற்பகுதிக்கே கொற்கை வளைகுடா எனப் பெயர் தருகிறார். உரோம நாட்டுச் செல்வப் பெண்டிரின் காதணிகளில் தொங்கிய முத்துகளில் எத்தனையோ இங்கே மூச்சடக்கி எடுத்தவை.

நம் பாடல்கள் காட்டும் காட்சி வேறு. அகநானூற்றின் 350ஆம் பாடலில், சுறாமீன் திரியும் கடலில் மூழ்கி வலம்புரிச் சங்கு எடுத்த பரதவர் கரை திரும்புகின்றனர். சங்குகள் முழங்க, கொற்கையே ஆரவாரத்துடன் அவர்களை எதிர்கொள்கிறது. அங்கே அவர்கள் குற்றவாளிகள் அல்லர். ஊர் கூடி வரவேற்கும் வீரர்கள். சிறுபாணாற்றுப்படையில் இன்னொரு காட்சி. உப்பு வணிகரின் வண்டியோடு வந்த மந்தி ஒன்று, முத்துகளைச் சிப்பிக்குள் அடைத்து, உமணர் குழந்தைகளோடு கிலுகிலுப்பை ஆடுகிறது. அரசனின் கருவூலத்துக்குரிய முத்து, குழந்தைக்கும் குரங்குக்கும் விளையாட்டுப் பொருளாகிறது.

எது உண்மை? கிரேக்க மாலுமி கண்ட கைதிகளா, தமிழ்ப் புலவர் கண்ட வீரர்களா? இரண்டும் உண்மையாக இருக்கலாம். சிறைப்பட்டவரும் குலத்தொழிலாகக் கொண்டவரும் ஒரே கடலில் மூழ்கியிருக்கலாம். வணிகனின் கண்ணுக்குக் கூலியில்லா உழைப்பு தெரிந்திருக்கலாம். புலவரின் கண்ணுக்குக் கரையில் காத்திருந்த மனைவியும் மக்களும் தெரிந்திருக்கலாம். இரு சாட்சிகளையும் அருகருகே வைத்துப் படிப்பதே நேர்மை. நான் வகுப்பில் ஒன்றை மட்டுமே படித்துவந்தேன்.

இங்கே நண்பரின் தென்னமெரிக்கா எனக்கு மீண்டும் நினைவுக்கு வந்தது. இன்றைய வெனிசுவேலாவைச் சேர்ந்த குபாகுவா என்ற சிறு தீவில் முத்துப் படுகைகள் இருப்பதைக் கண்ட ஸ்பானியர் அங்கே குடியேறினர். நுவேவா காதிஸ் என்ற அவர்களுடைய குடியேற்றம் 1528இல் நகரத் தகுதி பெற்றது. அக்கண்டத்தில் ஐரோப்பியர் அமைத்த தொடக்ககால நகரங்களுள் அதுவும் ஒன்று. பகாமாத் தீவுகளிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் பூர்வகுடி மக்களைப் பிடித்துவந்து அடிமைகளாக மூழ்கவைத்தனர். பகல் முழுதும் குளிர்ந்த நீரில் மூழ்கி மாண்ட அம்மக்களைப் பற்றிப் பர்த்தலோமே தெ லாஸ் காசாஸ் என்ற துறவி 1552இல் அச்சான தம் நூலில் வேதனையுடன் எழுதினார். ஓயாமல் வாரியதால் சில பத்தாண்டுகளில் படுகைகள் வற்றின. 1541இல் வந்த சூறாவளி எஞ்சியதையும் அழித்தது. நகரம் கைவிடப்பட்டது.

கொற்கையும் நுவேவா காதிஸும் முத்தால் வாழ்ந்து மறைந்த நகரங்கள். ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. அங்கே மூழ்கியவர்களின் மொழியில் அந்த நகரைப் பற்றி ஒரு பாட்டும் நம் கைக்கு வரவில்லை; அவர்களுக்காகப் பேச ஒரு ஸ்பானியத் துறவி வேண்டியிருந்தது. இங்கே, மூழ்கியவர்கள் பேசிய மொழியிலேயே அவர்கள் கரையேறிய ஆரவாரம் பதிவாகி நிற்கிறது. பெயர் இல்லை என்பது குறைதான். குரல் இருக்கிறது.

பிற்காலச் செய்திகளும் இதற்குத் துணை செய்கின்றன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, வணிகர்கள் கூலிக்கு ஆளமர்த்தி முத்தெடுத்ததையும், கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், சுறாவை மந்திரத்தால் கட்டுபவர்களுக்கு இருபதில் ஒரு பங்கும் போனதையும் எழுதுகிறார். பங்குக் கணக்கில் அரசன் வருகிறான், மந்திரவாதி வருகிறான். மூழ்கியவன் கூலிக்காரனாக நிற்கிறான். லிமா நிறுவப்பட்ட 1530களின் நடுப்பகுதியிலேதான் இக்கரைப் பரதவர் தம் கடலைக் காத்துக்கொள்ளப் போர்த்துக்கேயரின் துணையை நாடிக் கத்தோலிக்கரானார்கள். அதன்பின் டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று முத்தின் உரிமையாளர்கள் மாறினர். மூழ்குபவர்கள் மாறவில்லை. இந்தியக் கரையில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல்.

அந்தக் கடைசி ஆண்டுகளில் மூழ்கியவர்களுள் ஒருவர்தாம் என் மாணவியின் தாத்தாவின் தந்தை. வன்னிமரத்தடியில் அமர்ந்து புளிச்சோறு உண்ணும்போது, வீட்டில் கேட்டதைச் சொன்னாள். கல் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு அவர் இறங்குவாராம். மேலே தோணியில் கயிற்றைப் பிடிப்பவர் அவருடைய மைத்துனர். "அண்ணன் தம்பி பிடிச்சா சொத்துக்கு ஆசைப்பட்டுக் கயித்த விட்டுருவானாம் மேடம். மச்சான்னா தங்கச்சி தாலிக்காக இழுத்துருவானாம்" என்று சொல்லிச் சிரித்தாள். மற்ற பாட்டுகளில் இல்லாவிட்டாலும் ஒரு வீட்டு நினைவில் அந்த மனிதர் பெயரோடு இருக்கிறார். அவள் அந்தப் பெயரைச் சொன்னாள். அது அவர்கள் வீட்டுக்குரியது, இங்கே எழுதவில்லை.

*

மாலை திரும்பும் முன் வயல்வரப்பில் நடந்தோம். மழை அரித்த மண்ணில் பானையோடுகள் ஆங்காங்கே தலைகாட்டின. மாணவி குனிந்து ஒரு வெள்ளைத் துண்டை எடுத்தாள். சங்கின் ஒரு பகுதி. ஒருபக்கம் இயற்கையாக வளைந்திருக்க, மறுபக்கம் நேராக அறுபட்டிருந்தது. எந்தக் காலத்தது என்று சொல்ல நான் தொல்லியல் அறிஞர் அல்லேன். ஆனால் கொற்கையிலும் காயலிலும் அறுத்த சங்குத் துண்டுகள் கிடைப்பதைக் கண்டு, இங்கே ஒருகாலத்தில் சங்கு வளையல் தொழில் நடந்தது என்று ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் வெளியான தம் சங்கு பற்றிய நூலில் எழுதியது நினைவுக்கு வந்தது. தூத்துக்குடிக் கடலில் எடுத்த சங்குகள் வங்காளத்துக்குச் சென்று மணமான பெண்களின் கைவளையாகும் வழக்கம் நம் காலம் வரை தொடர்ந்து வந்திருக்கிறது.

அப்போதுதான் ஒன்று விளங்கிற்று. உலகெங்கும் கொற்கைக்குப் பெயர் வாங்கித் தந்தது முத்து. ஆனால் முத்து மண்ணில் எளிதில் சிதைந்துபோகும்; சிதையாதவை கடல் கடந்து போய்விட்டன. பாண்டியனின் அரண்மனை எங்கிருந்தது என்பதே தெரியவில்லை. எஞ்சியிருப்பவை அறுத்துப் போட்ட சங்கு, உடைந்த பானை, அடுப்புக்கரி, ஓர் ஊர்ப்பெயராக நின்றுபோன பொற்கொல்லர் சாலை. அதாவது, வேலை செய்தவர்கள் வேண்டாமென்று எறிந்தவையே இன்று அத்தலைநகரின் வரலாறு. அரசன் சேர்த்தது போயிற்று. தொழிலாளி கழித்தது நின்றது. லிமாவின் மண்மேடு போலப் பெருமிதத்தோடு நிமிர்ந்து நிற்க இங்கே ஒன்றுமில்லை என்று ஏங்கத் தேவையில்லை. கொற்கையைப் பார்க்கக் குனியவேண்டும், அவ்வளவே.

மாணவி அந்தத் துண்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டாள். எடுத்துப் போகக்கூடாது, இருந்த இடத்திலேயே இருந்தால்தான் நாளை ஆய்வு செய்பவர்களுக்கு அது ஏதேனும் சொல்லும் என்றேன். அவளுக்கு மனமில்லை. சற்று நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்து மேலே கொஞ்சம் மண்ணைத் தள்ளினாள்.

மறுவாரம் வகுப்பில் அகநானூற்றின் 350ஆம் பாடலை மீண்டும் எடுத்தேன். இம்முறை வலம்புரியின் சிறப்பிலிருந்து தொடங்கவில்லை. சுறாவுக்கு நடுவே மூழ்கியவர்களிலிருந்து தொடங்கினேன். கிரேக்க நூல் கூறும் கைதிகளைப் பற்றியும் சொன்னேன். 'கொற்கையே அவர்களை எதிர்கொண்டது' என்ற இடம் வந்தபோது கடைசி வரிசையைப் பார்த்தேன். அவள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள்.

நெல்லைப் பக்கம் வரும் நண்பர்கள் ஒருநாள் ஒதுக்கிக் கொற்கைக்குச் சென்று வாருங்கள். வழியில் ஆதிச்சநல்லூரையும் பார்த்துக்கொள்ளலாம். தொப்பியும் தண்ணீரும் எடுத்துச் செல்லுங்கள். வயலுக்குள் இறங்குமுன் உழவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஓடு ஒன்று கண்ணில் பட்டால் பாருங்கள், எடுத்துவர வேண்டாம். குளக்கரையில் ஆடு மேய்க்கும் மூதாட்டியைக் கண்டால் சற்று நின்று பேசுங்கள். அந்தத் தலைநகரைப் பற்றி என்னைவிட அவருக்கு அதிகம் தெரியும்.